சென்டர் போல்ட் மேல் பழி போடாதீர்கள்

பின் ஆக்சில் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக் கட்டின் நடுவே போகும் சென்டர் போல்ட், மூன்றாவது முறையாக முறிந்துவிட்டது என்று பட்டறைக்கு வண்டி வரும். முந்தைய இரண்டு முறையும் புது சென்டர் போல்ட் போட்டிருப்பார்கள். பட்டைக் கட்டை ஆக்சிலோடு இறுக்கிக் கட்டும் யு வடிவ போல்ட், அதாவது யு போல்ட் மட்டும் வண்டி பிறந்த நாளில் மாட்டியது. ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "அது நல்லாத்தானே இருக்கு, மரை தேயலையே" என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பதில் இது.

பின் ஆக்சிலைப் பிடித்து நிறுத்துவது சென்டர் போல்ட்தான் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். பட்டைகளைக் கட்டாகச் சேர்த்து வைப்பதும், ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கில் பட்டை உட்காரும் இருக்கையில் உள்ள குழியில் தன் தலையை உட்காரவைத்து இடம் காட்டுவதும்தான் அதன் வேலை. வண்டி கிளம்பும்போது வரும் முறுக்கு, பிரேக் போடும்போது வரும் இழுப்பு எல்லாவற்றையும் தாங்குவது யு போல்ட் கொடுக்கும் அழுத்தம். அந்த அழுத்தம் குறைந்தால் ஹவுசிங் முன்னும் பின்னும் அசையத் தொடங்கும். அதைத் தடுக்க மிஞ்சுவது விரல் பருமன்கூட இல்லாத ஒரு போல்ட். அது முறியாமல் என்ன செய்யும்? சில வண்டிகளில் போல்ட் தப்பித்து, கட்டிலேயே நீளமான மெயின் பட்டை சென்டர் போல்ட் போகும் துளையிலேயே விரிசல் விட்டிருக்கும். அதற்கும் காரணம் இதே தளர்ச்சிதான்.

யு போல்ட் இறுகும்போது சற்றே நீள்கிறது. அந்த நீட்சிதான் பிடி. பல வருஷம் இறுகிக் கிடந்த போல்ட்டின் மரை இழுபட்டும் துருவேறியும் இருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் கண்ணுக்குப் பளபளக்கும், அவ்வளவுதான். திரும்ப நட்டு ஏற்றும்போது விசையின் பெரும்பகுதி துருவோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். இறுக்க விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும், பட்டையில் பிடி இருக்காது. எனவே கழற்றிய யு போல்ட் திரும்ப வண்டிக்குப் போகக் கூடாது. நட்டும் வாஷரும் சேர்த்துப் புதிது. பழையதை அங்கேயே வெட்டிப் போட்டுவிடுங்கள், யாருக்கும் ஆசை வராது.

தளர்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். பட்டை இருக்கையைத் தொடும் ஓரத்தில் குங்குமம் கொட்டியது போல் செந்தூள் தெரிந்தால் இரும்பு இரும்போடு உரசுகிறது என்று அர்த்தம். அடுத்து டேப் எடுங்கள். பட்டையின் முன்நுனியில் சுருண்ட வளையத்துக்குள் (அதுதான் கண்) போகும் முன் கண் போல்ட்டின் மையத்திலிருந்து ஹவுசிங் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்துதான் ஓடும்.

இனி பட்டையையும் யு போல்ட்டையும் மாற்றும் வேலை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கை நம்பாதீர்கள், அது பிடிப்பது காற்றில் தொங்கும் சக்கரங்களை. முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஸ்டாண்டு சேசிஸுக்கு அடியில், பட்டையின் முன்கண்ணைச் சேசிஸோடு பிடித்திருக்கும் முன் ஹேங்கருக்கு முன்னால் நிற்க வேண்டும். ஹவுசிங்குக்கு அடியில் தனி ஜாக்கி. பட்டையின் விசை தணியும்வரை அதை இறக்கிய பிறகே நட்டில் கை வையுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஆக்சில் இடம் மாறாது, பிரேக் ஹோஸும் இழுபடாது. பட்டையை மாற்றுவது ஜோடியாகத்தான். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழசு என்றால் வண்டி சாய்ந்தே நிற்கும்.

முன் கண் போல்ட், கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உறையான புஷ்ஷின் உள் குழாயோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். அசையவில்லை என்றால் புஷ்ஷுக்கும் ஹேங்கருக்கும் நடுவே ரம்பத்தால் அறுத்து எடுங்கள். பெட்ரோல் டேங்க்கும் பிரேக் குழாயும் பக்கத்தில் இருக்கும்போது கேஸ் கட்டர் பிடிப்பவர்களை என்ன சொல்வது!

புதுப் பட்டையில் சென்டர் போல்ட் சரியாக நடுவில் இருக்க வேண்டும் என்று இல்லை. பல வண்டிகளில் முன்பாதி குட்டை. பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள். இருக்கையில் தடித்த பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள், அது நசுங்கிய பிறகு யு போல்ட் தளரும். ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

கண் போல்ட், பட்டையின் பின்நுனியைச் சேசிஸோடு அசையும்படி இணைக்கும் ஷேக்கிளின் போல்ட் இரண்டையும் கையிறுக்கமாக விட்டுவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு குலுக்கு குலுக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கலில் இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சில மாதத்தில் கிழியும். யு போல்ட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, அந்த வண்டியின் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

தொய்ந்த பட்டைக்குக் கூடுதலாக ஒரு பட்டை செருகுவதும், முறிந்ததை வெல்டிங் வைப்பதும் வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் பட்டையின் பதம் போய்விடும்.

இதோடு சேர்த்து, ஹவுசிங்குக்குள் இருந்து சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட்டையும் உருவினால், பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையமான காலரை கேஸில் சூடாக்கிக் கழற்றாதீர்கள், ஷாஃப்ட்டின் பதம் கெடும். காலரில் பாதி ஆழம் துளை போட்டு உளியால் பிளந்து எடுங்கள், உளி ஷாஃப்ட்டைத் தொடக் கூடாது. புதுக் காலர் கட்டாயம். ஆயில் சீல் திரும்பத் திரும்பக் கசிகிறதா? ஹவுசிங் மேலே உள்ள காற்றுப்போக்கியான பிரீதர் மண்ணடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சேரும் அழுத்தம் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளி பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். நனைந்த லைனிங்கைக் கழுவி மாட்டாதீர்கள்.

வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடுவதற்குள் வண்டியைக் கொண்டுவந்து யு போல்ட் நட்டுகளை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எட்டு நட்டு, பத்து நிமிஷ வேலை. தயவுசெய்து வாருங்கள்.