வெளிநாட்டு வேலையா? முதலில் வாடகைக் கணக்கைப் போடுங்கள்

திருச்சியில் ஆடிட்டராக இருப்பதால், படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளோடு இரண்டு கட்டங்களில் எனக்குப் பேச வாய்க்கிறது. கிளம்பும் முன்பு, விசாவுக்கு வேண்டிய நெட்வொர்த் சர்டிஃபிகேட், அதாவது குடும்பத்தின் சொத்து மதிப்புச் சான்றிதழ் வாங்க அப்பாவோடு வருவார்கள். போய் இரண்டு மூன்று வருடம் ஆன பிறகு, இங்கே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யச் சொல்லி வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார்கள். முதல் கட்டத்தில் பேச்சு முழுக்கச் சம்பளத்தைப் பற்றித்தான் இருக்கும். அடுத்த கட்டத்தில் வாடகையைப் பற்றி. சம்பளம் ஒருபோதும் அவர்களை ஏமாற்றியதில்லை, ஆஃபர் லெட்டரில் போட்டது போட்டபடி வருகிறது. கணக்கில் வராமல் போனது வாடகைதான்.

"எந்த நாடு சார் நல்லது?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த ஊர், அங்கே வீட்டு வாடகை என்ன, வீடு கொடுப்பது கம்பெனியா நீங்களே தேட வேண்டுமா என்று சொன்னால் உட்கார்ந்து கணக்குப் போடலாம். ஒரே நாட்டுக்குள் ஊர் மாறினால் மாதக் கடைசியில் மிஞ்சும் பணம் இரண்டு மடங்கு வித்தியாசப்படும்.

வாடகைக்கு முன்னால் இங்கே இருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கையெழுத்துப் போடும் சான்றிதழ்களில் பெரும்பாலானவற்றில் பெரிய சொத்து என்று இருப்பது ஒன்றுதான்: அப்பா, அம்மா பாடுபட்டுக் கட்டிய வீடு. வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை பிணை கேட்க மாட்டார்கள். 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் உத்தரவாதம் போதும். அதற்கு மேல் சொத்தை அடமானம் வைக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு 7.5 லட்சத்துக்குள் முடிவது அரிது. அதனால் இந்த வீட்டின் பத்திரம் வங்கிக்குப் போகிறது.

30 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 40,500 ரூபாய். இந்தக் கணக்கை எல்லோரும் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் படிக்கும் காலத்திலும் வேலை தேடும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று வருடம் எதுவும் கட்டாமல் விட்டால், தனி வட்டிக் கணக்கிலேயே அசல் 39 லட்சத்தைத் தாண்டும், தவணை 53,000-ஐத் தாண்டும். முடிந்தவர்கள் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது இங்கிருந்து கட்டிவிடுங்கள்.

இந்தத் தவணையை வைத்துக்கொண்டு ஜெர்மனியைப் பார்ப்போம். இப்போது என்னிடம் வரும் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள்.

மாதம் 4,000 யூரோ சம்பளம் என்று ஒரு தம்பி சந்தோஷமாகச் சொல்வார். கல்யாணம் ஆகாதவர் முதல் வரி வகுப்பில் வருவார். வருமான வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எல்லாம் பிடித்தது போகக் கைக்கு வருவது சுமார் 2,600. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் 53,000 ரூபாய் தவணைக்கு 530 யூரோ போகும். மீதி 2,070. மியூனிக்கில் தனியாக ஒரு சின்ன ஃபிளாட் எடுத்தால் ஆயிரம் யூரோவுக்கு மேல் எளிதாகப் போய்விடும். அதே அளவு வீடு கிழக்கு ஜெர்மனி நகரமான செம்னிட்ஸில் அதில் பாதிகூட ஆகாது. மியூனிக்கில் வேலை கிடைத்தது என்று பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அங்கே 4,000 சம்பளம் வாங்குபவரைவிட செம்னிட்ஸில் 3,600 வாங்குபவர் கையில் அதிகம் மிச்சம் பிடிக்க முடியும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஜெர்மனியில் விளம்பரத்தில் போடும் வாடகை பெரும்பாலும் வெறும் வீட்டுக்கானது, கால்ட்மீட்டே. வெந்நீர், ஹீட்டர், குப்பை, பராமரிப்பு எல்லாம் சேர்த்த வார்ம்மீட்டே எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அதிலும் சேராது. ஒளிபரப்புக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ தனி, டிவி இல்லை என்றாலும் கட்டியாக வேண்டும். முன்பணம் மூன்று மாத கால்ட்மீட்டேவுக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, அதையும் மூன்று தவணையாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமல், கேட்ட தொகையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, பல வாடகை வீடுகளில் சமையலறை இருக்காது. அறை இருக்கும், அடுப்பு, தொட்டி, அலமாரி எதுவும் இருக்காது. குடியேறுபவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது முன்பு இருந்தவரிடம் விலைக்கு வாங்க வேண்டும். அதற்கே ஆயிரக்கணக்கில் ஆகலாம். தினமும் சமைத்துச் சாப்பிடப் போகிறவர்கள் இதைக் கேட்காமல் ஒப்பந்தம் போடாதீர்கள்.

அப்புறம் முகவரிப் பதிவு. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தப் பதிவு இருந்தால்தான் வரி எண் தபாலில் வரும். வரி எண் இல்லாவிட்டால் கம்பெனி உங்களை ஆறாம் வரி வகுப்பில் வைத்துச் சம்பளத்தில் அதிகமாகப் பிடிக்கலாம். அதனால், "ரூம் தர்றேன், ஆனா பதிவு பண்ண முடியாது" என்று யாராவது சொன்னால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். முன்பே அங்கே போன நம் ஊர்ப் பையன்களே சில சமயம் இப்படி உள்வாடகைக்கு விடுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

கனடாவுக்கு வருவோம். மாணவர் விசாவுக்கு, கல்விக் கட்டணம் போக, ஒரு வருடச் செலவுக்குக் காட்ட வேண்டிய பணம் பல வருடங்களாக 10,000 கனடா டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் அதை 20,635 ஆக்கினார்கள், 2025 செப்டம்பரில் 22,895. இதை விசா கெடுபிடி என்று மட்டும் பார்க்க வேண்டாம். பத்தாயிரத்தில் அங்கே ஒரு வருடம் ஓட்ட முடியாது என்று அந்த அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் நம் ஊரில் பலர் இந்தப் பணத்தை ஒரு மாதத்துக்கு வட்டிக்கு வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். அப்படிச் சுழலும் பணத்துக்கு நான் சான்றிதழ் கொடுப்பதில்லை. அது பொய்க் கணக்கு என்பது ஒரு பக்கம். இறங்கிய முதல் மாதமே அந்தப் பிள்ளை கையில் காசில்லாமல் நிற்கும் என்பது இன்னொரு பக்கம்.

பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்பார்கள். படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 17.60 டாலர். முழு 24 மணி நேரமும் வேலை கிடைத்தால் மாதம் சுமார் 1,800 டாலர், பிடித்தம் போகக் கொஞ்சம் குறையும். டொரன்டோவில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு 2,000 டாலருக்கு மேல் ஆகிறது. அதனால்தான் பக்கத்து ஊரான பிராம்ப்டன் பக்கம் ஒரு பேஸ்மென்ட்டில் நான்கைந்து பேர் சேர்ந்து இருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் ஒன்டாரியோவின் வாடகைச் சட்டத்தைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். கடைசி மாத வாடகையை முன்கூட்டியே வாங்கலாம், அதற்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது. 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு வருடாந்திர வாடகை உயர்வின் உச்சவரம்பு பொருந்தாது. புது வீடாக இருக்கிறதே என்று பிடித்துப்போய் எடுப்பவர்கள், அடுத்த வருடம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதை நினைவில் வையுங்கள். வேலைக்கான அனுமதியோடு போகிறவர்கள் எட்மன்டன், வின்னிபெக் போன்ற ஊர்களையும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிர் கடுமைதான், வாடகை குறைவு.

படிப்பு முடிந்ததும் வேலை அனுமதி தானாகக் கிடைத்துவிடும் என்றும் நம்பாதீர்கள். 2024 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி டிப்ளமோ மாணவர்களுக்கு, குறிப்பிட்ட துறைகளில் படித்தால்தான் அந்த அனுமதி. எந்தத் துறை என்று பார்க்காமல் மலிவான கோர்ஸில் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுகள் இன்னும் இருக்கிறார்கள்.

பிரிட்டனைப் பற்றி ஒன்று மட்டும். திறன் பணியாளர் விசாவின் பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டாக ஏறியது, அடுத்த வருடம் ஜூலையில் 41,700. படித்துக்கொண்டே வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று கடன் வாங்கிப் போனவர்களுக்குக் காலடியில் தரை நகர்ந்துவிட்டது.

சிங்கப்பூர், திருச்சிக்காரர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. வரி குறைவு, விமானம் நேரடி. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 5,600 வெள்ளி, வயது ஏற ஏற அதுவும் ஏறும். அங்கே பெரும்பான்மை மக்கள் அரசு கட்டிய ஹெச்டிபி வீடுகளில் வசிக்கிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டு, நமக்கும் மலிவாக வீடு கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த விலைச் சலுகை குடிமக்களுக்கு. வெளிநாட்டவர் சந்தை வாடகைதான் கொடுக்க வேண்டும். தனியார் கட்டிய வீட்டை வாங்க நினைத்தால் 2023 ஏப்ரல் முதல் கூடுதல் முத்திரை வரி மட்டும் 60 சதவீதம். மலிவு வீடு விஷயத்தில் ஆஸ்திரியாவின் வியன்னாவும் அப்படித்தான். வாழ ஏற்ற, வாடகை குறைந்த நகரம் என்று பட்டியல்களில் வரும், பாதி மக்கள் மாநகராட்சி அல்லது மானிய வீடுகளில் இருக்கிறார்கள். புதிதாகப் போய் இறங்கியவருக்கு மாநகராட்சி வீடு உடனே கிடைக்காது. ஒரு நகரத்தின் சராசரி வாடகையைப் பார்க்காதீர்கள், புதிதாகக் குடியேறுபவர் இன்று கொடுக்கும் வாடகையைப் பாருங்கள்.

சொந்தமாக வாங்கிவிடலாம் என்ற கனவுக்கும் இப்போது தடைகள் உண்டு. நிரந்தர வசிப்புரிமை இல்லாத வெளிநாட்டவர் வீடு வாங்க கனடா 2023 ஜனவரியில் தடை போட்டு 2027 ஜனவரி 1 வரை நீட்டித்திருக்கிறது, தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குச் சில விதிவிலக்குகளோடு. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரலிலிருந்து இரண்டு வருடங்களுக்கு, தற்காலிக விசாவில் இருப்பவர்களும் பழைய வீடுகளை வாங்கக் கூடாது என்று நிறுத்தியிருக்கிறது.

வளைகுடாவில் சம்பளத்துக்கு வரி இல்லை, ஆனால் துபாயில் வாடகை வருடக் கணக்கு. வருடத்துக்கு 60,000 திர்ஹம், நான்கு செக் என்றால் முதல் செக் 15,000. டெபாசிட்டும் புரோக்கர் கமிஷனும் வழக்கமாக ஐந்து ஐந்து சதவீதம், ஆக 6,000. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு டெபாசிட் 2,000. சாவி வாங்க மட்டும் 23,000 திர்ஹம் வேண்டும். ஆகவே கம்பெனி தங்குமிடம் தருகிறதா, அலவன்ஸ் தருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அலவன்ஸ் பெரிதாகவும் அடிப்படைச் சம்பளம் சின்னதாகவும் போட்டிருந்தால் இன்னொரு இழப்பும் உண்டு. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடம் 21 நாள் என்ற கணக்கில், அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் போடப்படும்.

வளைகுடா வேலைக்கு அழைத்துப் போகும் ஏஜென்ட் மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து சென்னையில் இயங்குகிறது, அங்கே விசாரிக்கவும் யாரும் காசு கேட்பதில்லை. வாடகையிலும் இதே மாதிரி மோசடி உண்டு. "நான் வெளியூரில் இருக்கிறேன், டெபாசிட் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று சொல்பவரிடம் வீடே இருக்காது. முதல் மாதம் ஹாஸ்டலிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்கி, நேரில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

வாடகை மிகக் குறைவாக இருக்கும் ஊர்களையும் விசாரித்தே போக வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் வாடகை குறைந்ததற்கு, 1990 இணைப்புக்குப் பின் ஆலைகள் மூடி, இளைஞர்கள் மேற்கே போனது ஒரு முக்கியக் காரணம். இன்று டிரெஸ்டனில் சிப் தொழிற்சாலைகள் வந்து வேலை பெருகியிருக்கிறது. அதே கிழக்கில் சில சிறு ஊர்களில் வீடு மட்டும் காலியாகக் கிடக்கும், உங்கள் துறையில் வேலை இருக்காது. முதல் வேலை போய்விட்டால் அடுத்த வேலை அரைமணி, ஒருமணி தூரத்துக்குள் கிடைக்குமா என்று வேலைத் தளங்களில் தேடிப் பாருங்கள். வேலையில்லாமல் எத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கு விசாவிலும் வரம்பு உண்டு.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டிய தொகையை இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: டெபாசிட், முதல் மாத வாடகை, மூன்று மாதச் சாப்பாடு, போக்குவரத்து, குளிர் ஊர் என்றால் உடுப்பு. இதற்கு மேல், அடமானக் கடன் இருந்தால் ஆறு மாதத் தவணை, அம்மா அல்லது அப்பா கணக்கில் தொடாமல் இருக்க வேண்டும். வேலை கிடைக்கத் தாமதமானாலும் வங்கி நோட்டீஸ் வீட்டுக் கதவைத் தட்டாது. இவ்வளவும் இல்லை என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள் என்றுதான் பெற்றோர் முன்னாலேயே சொல்கிறேன். விசா விதி மாறிவிடும் என்று ஏஜென்ட் பயமுறுத்துவார். மாறலாம்தான். ஆனால் ஜெர்மனியைக் குறிவைத்திருப்பவர் அந்த வருடத்தில் இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு பி1 என்ற நடுத்தர நிலை வரை ஜெர்மன் மொழி படித்தால், புளூ கார்டில் (பட்டம் படித்தவர்களுக்கான வேலை அனுமதி) போன பிறகு நிரந்தர வசிப்புரிமைக்கு 27 மாதத்துக்குப் பதில் 21 மாதத்திலேயே விண்ணப்பிக்கலாம்.