பழைய 303க்கு புது பேரல்: எல்லாமே அந்த கால் மில்லிலதான் இருக்கு

303 ரைஃபிள்னா நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் யாருக்கும் தனியா சொல்ல வேண்டியதில்ல, போலீஸ்காரங்க தோள்ல பல வருஷம் தொங்குனது அதுதான். பேரு லீ என்ஃபீல்டு, பிரிட்டிஷ்காரன் டிசைன், வங்காளத்துல இருக்கற இச்சாப்பூர் ஃபேக்டரியிலயும் செஞ்சாங்க. இந்த மாதிரி பழைய ராணுவ ரைஃபிள்ல முதல்ல போறது பேரல்தான், அதாவது குண்டு ஓடி வெளிய வர்ற இரும்பு குழாய். தோட்டாவ உள்ள தள்ளி பின்னாடி அடைச்சு நிக்கற கம்பிக்கு போல்ட்னு பேரு, அது ஓடற அந்த கனமான உடம்பு, அதாவது ரிசீவர், ரொம்ப காலம் தாங்கும்.

பேரல் ஏன் போகுதுன்னா, உள்ள அஞ்சு காடி, அதாவது நீளமா வெட்டுன பள்ளம், இடது பக்கமா சுத்திகிட்டே போகும், 10 இஞ்சுக்கு ஒரு முழு சுத்து. குண்டு நொடிக்கு 744 மீட்டர் வேகத்துல வெளிய வருது, கணக்கு போட்டு பாத்தா நொடிக்கு 2,900 சுத்துக்கு மேல வரும், அந்த சுழற்சிதான் குண்ட நேரா கொண்டுபோகுது. கார்டைட் மருந்தோட சூடு காடி ஆரம்பிக்கற இடத்த கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிடும், பழைய தோட்டாவுல மருந்துக்கு தீ வெக்கற பிரைமர் எரிஞ்சு விட்டுட்டு போற உப்பு காத்துல இருக்கற ஈரத்த இழுத்து துரு புடிக்க வெக்கும். காடி தேஞ்சா குண்டு சரியா சுத்தாது, சுத்தலன்னா குறி போச்சு.

சரி, பழச கழட்டிட்டு புதுச முறுக்கிட்டா ஆச்சான்னா, அங்கதான் விஷயமே இருக்கு. மரை போடறது பெரிய வேலையே இல்ல, ஓசூர்ல லேத்தும் சிஎன்சியும் ஓட்டறவங்களுக்கு மைக்ரான் கணக்கெல்லாம் தினசரி பேச்சு. ஆனா வீட்டு பைப்புக்கு டேப் சுத்தி எங்க டைட் ஆகுதோ அங்க நிறுத்தற மாதிரி இத நிறுத்த முடியாது. குறி பாக்கறதுக்கான முன் முள்ளு பேரல் மேலயே இருக்கறதால டைட் ஆகற அதே இடத்துல அது நேரா மேல பாத்து நிக்கணும். அதனால கையால முறுக்கும்போது கொஞ்சம் முன்னாடியே நின்னுடற மாதிரி பேரலோட தோள்பட்டைய கடைஞ்சு வெச்சு, மிச்சத்த பெரிய ஸ்பேனர் போட்டு இழுத்து கொண்டுவருவாங்க, அந்த இறுக்கம்தான் சுடற அதிர்ச்சியில மரை தளராம புடிச்சுக்குது.

அதுக்கப்புறம்தான் ஹெட்ஸ்பேஸ். 303 தோட்டாவோட அடியில ஒரு விளிம்பு துருத்திகிட்டு இருக்கும், அந்த விளிம்புக்காக போல்ட் முகத்துக்கும் பேரல் பின்பக்கத்துக்கும் நடுவுல விடற இடம் 1.63 மில்லிமீட்டர்ல இருந்து 1.88க்குள்ள இருக்கணும். வித்தியாசம் வெறும் கால் மில்லி! கம்மியா இருந்தா போல்ட் மூடாது. அதிகமா இருந்தா சுடும்போது என்ன ஆகுதுன்னு பாருங்க: ஊசி தட்டுனதும் தோட்டா முன்னாடி போய் உக்காருது, மருந்து வெடிச்சதும் காத்தழுத்தத்தைவிட 3,000 மடங்குக்கு மேல அழுத்தம் ஏறுது, பித்தளை கூட்டோட மெல்லிசான சுவர் சேம்பரோட, அதாவது பேரல்ல தோட்டா உக்கார்ற குழியோட, ஒட்டிக்கும், அடிப்பாகம் மட்டும் பின்னாடி போல்ட்ட தேடி போகும், நடுவுல பித்தளை இழுபட்டு மெலியும். சுட்ட கூட்ட எடுத்து வெளிச்சத்துல திருப்பி பாத்தா அடியில இருந்து கொஞ்சம் மேல பளபளன்னு ஒரு வளையம் தெரியும், அது தெரிஞ்சா அந்த ரைஃபிள்ல அடுத்த ரவுண்டு சுடவே கூடாது, கூடு ரெண்டா பிஞ்சு சூடான வாயு பின்பக்கமா வந்தா சுடறவர் கண்ணு அங்கதான் இருக்கு.

லீ என்ஃபீல்டுல எனக்கு ரொம்ப புடிச்ச புத்திசாலித்தனம் என்னன்னா போல்ட்டோட தலைய தனியா கழட்டலாம். நம்பர் 4 மாடலுக்கு 0ல இருந்து 3 வரைக்கும் நம்பர் போட்ட தலைங்க, ஒன்ன விட ஒன்னு துளி நீளம், இடைவெளி ஜாஸ்தியானா அடுத்த நம்பர மாட்டி சரி பண்ணுவாங்க. ஜெர்மன்காரங்களோட மவுசர் ரைஃபிள்ல இந்த வசதி கிடையாது, அங்க பேரலையே கடைஞ்சு அளவுக்கு கொண்டுவரணும்.

நம்ம ஊர் லேத்துல திறமை இருக்குங்கறதுக்காக இத யாரும் செஞ்சிட முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிய ரிப்பேர் பண்ணவே லைசன்ஸ் வேணும், அது ரொம்ப நியாயம்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா இதுல வர்ற தப்பு கண்ணுக்கு தெரியாத அளவுல இருக்கும். ஃபேக்டரியிலயே பேரல் மாட்டுன பிறகு வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தர்ற ஸ்பெஷல் தோட்டாவ ஆள் தள்ளி நின்னு சுட்டு பாத்துட்டு அந்த இடைவெளிய மறுபடி கேஜ் போட்டு அளப்பாங்க, இடைவெளி முன்னைக்கு இப்ப கூடியிருந்தா எங்கயோ இரும்பு அமுங்கியிருக்குன்னு அர்த்தம், முத்திரை கிடைக்காது.