இரத்தக்காட்டேரி: வேம்பயருக்குச் சரியான தமிழா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பேய்க்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. விடியலுக்கு முந்திய குளிரில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், பால்மரம் வெட்டுபவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குள் நுழைந்துவிடுவார்கள். வெளிச்சம் விழும் இடத்தில் பட்டை, உளி, மங்கு; அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அங்கே மோகினியும் முனியும் காட்டேரியும் மலாய்க்காரர்களின் பொந்தியானாக்கும் சேர்ந்தே குடியிருந்தார்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்துக் குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்த பிறகு, பிள்ளைகளின் வாயில் வேம்பயர் என்ற, இரத்தம் குடிக்கும் ஐரோப்பியப் பேயின் பெயரும் சேர்ந்துகொண்டது. கட்டுரையில் அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள். இரத்தக்காட்டேரி என்று சொல்லிவிடலாம். அதே சொல்லைக் கண்ட பேய்க்கெல்லாம் ஒட்டும்போதுதான் சிக்கல்.

வேம்பயர் ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்த சொல். செர்பிய மொழியில் 'வம்பீர்'. அதற்கும் முந்திய வேர் எது என்பதில் மொழியறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. மேற்கு ஐரோப்பாவில் இந்தச் சொல்லைப் பரப்பியவை கதைப்புத்தகங்கள் அல்ல, அரசாங்க அறிக்கைகள். 1718இல் வட செர்பியா ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் வந்தது. 1725இல் கிசிலியேவோ என்ற சிற்றூரில் பேதர் பிளகோயேவிச் என்ற குடியானவர் இறந்து புதைக்கப்பட்ட பின், சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள். ஊரார் குழியைத் தோண்டினார்கள். உடல் அழுகவில்லை, வாயில் இரத்தம் இருக்கிறது என்று சொல்லி, நெஞ்சில் கூர்மரத்தை இறக்கி எரித்தார்கள். உடனிருந்த ஆஸ்திரிய அதிகாரி இதை மேலிடத்துக்கு எழுத, அது வியன்னாப் பத்திரிகையில் அச்சாயிற்று. 1732இல் ராணுவ மருத்துவர்கள் எழுதிய இன்னோர் அறிக்கை பல நாடுகளில் பரவியது. நம் ஊர்த் தோட்ட எழுத்தரான கிராணி எழுதும் குறிப்புக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்த்ததில்லை.

ஊரார் கண்டது பொய்யில்லை. அதற்குக் கொடுத்த விளக்கம்தான் பிழை. புதைத்த உடலுக்குள் வாயு சேரும்போது வயிறு உப்புகிறது. அந்த அழுத்தத்தில் கருஞ்சிவப்பான நீர் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் கசிகிறது. தோல் சுருங்கிப் பின்வாங்குவதால் நகம் வளர்ந்ததுபோலத் தெரிகிறது. இதையெல்லாம் பார்த்தவர்கள், நேற்றிரவு எங்கோ வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து படுத்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1755இல் பேரரசி மரியா தெரேசா தம் மருத்துவரை விட்டு ஆராயச் செய்து, பிணங்களைத் தோண்டும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

உப்பிப்போன குடியானவன் பிரபுவாக மாறியது பிறகு நடந்தது. 1819இல் ஆங்கில எழுத்தாளர் போலிடோரி எழுதிய கதை அவனை உயர்குலத்தில் சேர்த்தது. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா நாவல் உலகறியச் செய்தது. வெயில் பட்டால் வேம்பயர் செத்துவிடும் என்பது 1922இல் வந்த ஜெர்மானிய மௌனப்படத்தின் கைங்கரியம். நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: டிராகுலா ஆளின் பெயர், வேம்பயர் இனத்தின் பெயர். கோரைப்பல் தெரிந்தாலே டிராகுலா என்பது, தோட்டத்துத் துரை எல்லோரையும் ஒரே பெயரால் கூப்பிடுவதற்குச் சமம்.

இனித் தமிழுக்கு வருவோம். இரத்தம் குடிக்கும் பேய் நமக்குப் புதிதல்ல. திருமுருகாற்றுப்படையில் வரும் பேய்மகளின் விரல் 'குருதி ஆடிய கூர் உகிர்க் கொடுவிரல்'. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் சமைத்துப் பரிமாறி உண்கின்றன. ஆனால் இவை களத்தில் விழுந்தவர்களை உண்ணும் கூட்டம். புதைத்த ஆளே தன் சொந்த உடலோடு எழுந்து வந்து உறவினரைப் பிடிப்பதுதான் வேம்பயர். பெரும்பாலும் நம் பேய்க்கு உடல் கிடையாது. அதனால்தான் அது அடுத்தவர் உடலில் ஏறி ஆடுகிறது.

வேதாளம் என்று எழுதலாமே என்பார்கள். 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் எழுதியபோது வேதாளத்தை வேம்பயர் ஆக்கிவிட்டார். அதைத் திருப்பித் தமிழுக்குக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் வேதாளம் பிணத்துக்குள் புகுந்திருப்பது உண்மைதான். ஆனால் அது யார் கழுத்தையும் கடிப்பதில்லை. கதை சொல்லிக் கேள்வி கேட்டே ராஜாவின் உயிரை எடுக்கும்.

காட்டேரி கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டிய சொல். காட்டேறி என்றும் எழுதுகிறார்கள். காடு, ஏறி என்று பிரித்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு. காட்டுக்குச் சுடுகாடு என்ற பொருளும் இருப்பதால் அது பொருந்தியும் வருகிறது. ஆனால் காட்டேரி பேய் மட்டுமல்ல, காட்டேரியம்மன் என்று கும்பிடப்படும் தெய்வமும்கூட. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவளுக்குப் படையல் வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே வெறும் காட்டேரி என்று வேம்பயருக்கு எழுதுவது, கும்பிடுகிறவர்கள் வாசலில் போய் வம்பு வளர்ப்பது. 'இரத்த' என்ற அடை சேரும்போது அது வேறு ஆளாகிவிடுகிறது. அச்சிலும் இரத்தக்காட்டேரி நிலைத்துவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பொந்தியானாக்கை இரத்தக்காட்டேரி என்று மொழிபெயர்ப்பது தவறு. 'பெரம்புவான் மாத்தி பெரானாக்', அதாவது பிரசவத்தில் இறந்த பெண், என்பதன் சுருக்கமே அந்தப் பெயர் என்று மலாய் வழக்கில் விளக்கம் சொல்வார்கள். சொல்லின் கடைசி ஒலி தொண்டையிலேயே நின்றுவிடுவதால் நம் காதில் 'பொந்தியானா' என்றுதான் விழும். வெள்ளை உடை, விரித்த கூந்தல், வாழை மரம், முதலில் பூவாசம், பிறகு துர்நாற்றம். பிடரியில் ஆணி அடித்தால் அழகிய பெண்ணாகிக் குடும்பம் நடத்துவாள். ஆணியைப் பிடுங்கினால் பழைய உருவம் திரும்பிவிடும். இது கேட்ட கதையாக இருக்கிறதே என்று நம்மவர்களுக்குத் தோன்றும். கேரளத்து யட்சியையும் தலையில் ஆணி அடித்துத்தான் அடக்குகிறார்கள். தமிழ்நாட்டுப் பேயோட்டிகள் பேய் பிடித்தவரின் முடிக்கற்றையை மரத்தில் வைத்து ஆணி அறைகிறார்கள். 1957இல் வெளிவந்த பொந்தியானாக் படத்தில் மரியா மெனாடோ நடித்தார். இயக்கியவர் இந்தியாவில் பிறந்த பி. என். ராவ். உறவு தேடினால் இவளை மோகினி, இசக்கி பக்கம் சேர்க்கலாம். பெயரை மட்டும் மாற்றாமல் பொந்தியானாக் என்றே எழுத வேண்டும். சீனரின் ஜியாங்ஷியும் அப்படித்தான்: 'விறைத்த பிணம்' என்று பொருள், கைநீட்டிக் குதித்து வரும். 1985இல் வந்த ஹாங்காங் படத்தின் ஆங்கிலத் தலைப்பு அதை வேம்பயர் ஆக்கிவிட்டது.

ஆளைத் திட்டுவதற்கு இந்தச் சொல் வேண்டாம். மூலதனத்தை வேம்பயருக்கு ஒப்பிட்டு 1867இல் மார்க்ஸ் எழுதினார். அதே கோபத்துக்குத் தோட்டத் தமிழனிடம் அட்டை இருக்கிறது. காலில் ஏறியது தெரியாமல் குடித்து, உப்பிய பிறகே கண்ணில் படும் பிராணியை அறிந்தவனுக்குச் செர்பியாவிலிருந்து உவமை தேவையில்லை.

வௌவாலுக்கும் இந்தப் பெயர் தேவையில்லை. இரத்தம் குடிக்கும் வௌவால்கள் மூன்றே இனம்; மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. பேயின் பெயரை ஐரோப்பியர்கள் அவற்றுக்குச் சூட்டினார்கள். இங்கே சாயங்காலம் வானத்தில் கூட்டமாகப் போகும் கெலுவாங் என்ற பெரிய வௌவால் பழந்தின்னி. பாடநூலில் அந்த அமெரிக்க வௌவாலை 'இரத்தம் குடிக்கும் வௌவால்' என்று எழுதினாலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.