குளிப்பாட்டும் முகாம் என்றால் கொடுமை இல்லையா?

தாய்லாந்துக்குச் சுற்றுலா புறப்படும் குடும்பங்கள், நான் கால்நடை மருத்துவர் என்பதால், யானைச் சவாரி சரிதானா என்று என்னிடம் கேட்பதுண்டு. சவாரி வேண்டாம் என்றதும், "அப்படியானால் பயணிகளே யானையைக் குளிப்பாட்டும் முகாமுக்கே போகிறோம்" என்று நிம்மதியடைகிறார்கள். அந்த நிம்மதியில் எனக்கு உடன்பாடில்லை.

முன்பின் அறியாத பலர் சூழ்ந்து தொட்டுத் தேய்க்கும்போதும் அசையாமல் நிற்கும் யானை, பெரும்பாலும் குட்டிப் பருவத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, கட்டிவைத்து, வலிக்கு அஞ்சப் பழக்கப்பட்டதாகவே இருக்கும். தானாகக் குளிக்கும் யானை கரையேறியதும் மண்ணை வாரி முதுகில் இறைத்துக்கொள்ளும். வெயிலிலிருந்தும் பூச்சிக்கடியிலிருந்தும் தோலைக் காக்கும் அந்தப் பூச்சை, அடுத்தடுத்து வரும் பயணிகளுக்காகத் திரும்பத் திரும்பக் கழுவுவது பராமரிப்பாகாது. மனிதருக்கும் இதில் ஆபத்து உண்டு: 2025 ஜனவரியில் யாவ் யாய் தீவில் யானையைக் குளிப்பாட்டிய ஸ்பெயின் நாட்டு இளம்பெண் ஒருவர் அந்த யானை தாக்கி உயிரிழந்தார்.

முகாமுக்குள் நுழைந்ததும் யானையின் பாதத்தைப் பாருங்கள். யானைக்கு வியர்ப்பது நகத்தை ஒட்டிய இடத்தில்தான் என்பதால், நலமான யானையின் நகமும் தோலும் சேரும் விளிம்பில் ஈரம் கசிந்திருக்கும். அனுபவமுள்ள பாகர்களும் உடல்நலத்தை அறிய அதைக் கவனிப்பார்கள். நாள் முழுவதும் சிமெண்ட் தரையில் கட்டப்பட்ட யானைக்கோ நகம் வெடித்து, உள்ளங்கால் தேய்ந்து, சீழ் கட்டும். டன் கணக்கான எடையைச் சுமந்து நின்றே ஆகவேண்டிய உயிருக்கு அந்தப் புண் எளிதில் ஆறாது. தலையை இடமும் வலமுமாக ஓயாமல் அசைக்கும் யானையைக் காட்டி, "பார், ஆடுகிறது" என்று தயவுசெய்து குழந்தைகளிடம் சொல்லாதீர்கள். அது நெடுங்காலக் கட்டுப்பாட்டால் வந்த மன உளைச்சலின் அறிகுறி.

இருந்தும், முகாம்களை அடியோடு புறக்கணிக்கச் சொல்ல மாட்டேன். 1988இன் பெருவெள்ளத்துக்குப் பின் 1989இல் தாய்லாந்து காட்டு மரம் வெட்டத் தடை விதித்தபோது, மரம் இழுத்துவந்த யானைகளும் பாகர்களும் பிழைப்பிழந்தார்கள். பாங்காக் தெருக்களில் யானையோடு கையேந்தும் நிலை பலருக்கு வந்தது. நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தின்னும் விலங்கை வருமானமின்றி வளர்க்க யாராலும் முடியாது; அந்த வருமானம் சுற்றுலா முகாம்களிலிருந்தே வந்தது. 2020இல் கொரோனாவால் பயணிகள் வரத்து நின்றபோது, பாகர்கள் பலர் யானைகளை நடத்தியே சொந்த ஊருக்கு அழைத்துச் சென்றார்கள்.

ஆகவே, மேயும் யானைகளைத் தொலைவில் நின்று பார்க்க மட்டும் அனுமதிக்கும் முகாமுக்கு உங்கள் பணம் போய்ச் சேரட்டும். இரவில் யானையை எங்கே, எவ்வளவு நீளச் சங்கிலியில் கட்டுகிறார்கள் என்பதை முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்கும் தொற்றும் என்பதால், விடாத இருமல் உள்ளவர்கள் எந்த முகாமுக்கும் செல்ல வேண்டாம்.