புதுசா வர்றவங்க சபைய முதல்ல பாக்குறது கூகுள் மேப்லதான்

பெங்களூர்ல தமிழ் கிறிஸ்தவ சபைகளுக்கு வெப்சைட், வாட்ஸ்அப், நோட்டீஸ் எல்லாம் பண்ணிக் குடுக்குறது என் வேலை. எந்தக் கமிட்டில போய் உக்காந்தாலும் யூடியூப் லைவுக்கு எந்த கேமரா நல்லாருக்கும் பிரதர்னுதான் ஆரம்பிக்கிறாங்க. வாங்கலாம், தப்பில்ல. ஆனா அந்த லைவைப் பாக்குறது உடம்பு முடியாத ஆச்சியும் துபாய்ல இருக்குற அவங்க மவனும்தான். ஒயிட்ஃபீல்டுல ஒரு பி.ஜி. ஹாஸ்டல்ல வந்து இறங்குன தூத்துக்குடிப் பையன் ஃபோன்ல 'தமிழ் சர்ச்'னு தேடுறான், மேப்ல பழைய பாஸ்டரோட நம்பர் இருக்கு, ஆராதனை நேரம் போடல, ஒரே கட்டடத்துல ரெண்டு மூணு மொழில ஆராதனை நடக்குற ஊர்ல எது தமிழ்னும் இல்ல.

மேப்ல சபையோட விவரம் வர்ற அந்தப் பக்கம், அதான் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதுக்குக் காசு கிடையாது. அத சரி பண்ணுங்க, பெரிய வெள்ளி, டிசம்பர் 31 ராத்திரி நடக்குற வாட்ச் நைட் ஆராதனை நேரத்தையும் தனியா போடுங்க. ஞாயித்துக்கிழமை மெட்ரோவே 7 மணிக்குத்தான் கிளம்பும், ஒயிட்ஃபீல்டுல இருந்து எம்.ஜி. ரோடு பக்கம் 7.30 ஆராதனைக்கு எப்படி வருவான்? ரெண்டாவது ஆராதனை நேரத்தை மேல போடுங்க.

வந்தவங்கள எழுப்பி நிக்க வச்சுக் கைதட்டுறத நிறுத்தலாம், கூச்சப்படுறவங்க மறுவாரம் வர மாட்டாங்க.

பெரிய பிரச்சன அதுக்கப்புறம்தான். புதுசா வந்தவங்க நிரப்புற கார்டுல அப்பா பேரு, ஞானஸ்நானம் எடுத்த தேதி வரைக்கும் எழுத வாங்கிட்டு, கேக்காமலே முன்னூறு பேர் இருக்குற வாட்ஸ்அப் குரூப்ல சேத்துடுறாங்க, சேந்தவங்க நம்பர் எல்லாருக்கும் தெரியும், ராத்திரி ஹாஸ்டல் பொண்ணுக்கு முகம் தெரியாத யாரோ 'ஹாய் சிஸ்டர்'னு அனுப்புறான். 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதுக்கு வாங்குறோம்னு சொல்லி சம்மதம் கேக்கணும்னுதான் சொல்லுது. பேரு, நம்பர், கூப்பிடலாமா மெசேஜ் போதுமா, இவ்வளவு போதும். வாட்ஸ்அப் கம்யூனிட்டியோட அறிவிப்புக் குரூப்ல ஒருத்தர் நம்பர் இன்னொரு மெம்பருக்குத் தெரியாது, அத யூஸ் பண்ணுங்க.

புதுசா வந்தவங்களுக்கு இருக்குற கேள்வி ரொம்ப சாதாரணம். இங்க சேர ஊர் சபைல இருந்து லெட்டர் வேணுமா? கல்யாணம் ஊர்லதான், மூணு ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) இங்கயும் வாசிப்பீங்களா? சபை சந்தா எவ்வளவு? நோட்டீஸ்ல 'சேகர அலுவலகத்தை அணுகவும்'னு இருக்கும், அதாவது சபை ஆபீஸ்; அது திறந்திருக்குற நேரம் அவன் ஷிஃப்ட்ல இருப்பான். பதிலை ஒரு பக்கத்துல எழுதி மேப்லயே லிங்க் குடுங்க. ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல ஒரு ஆள் நிக்கட்டும், செவ்வாய்க்குள்ள அவன் வயசுல இருக்குற ஒருத்தர் மெசேஜ் போடட்டும். பாஸ்டர் வேண்டாம், அவரே கூப்பிட்டா காணிக்கை கேக்கத்தான்னு நினைக்கிறவன் நிறைய.