மட்டிக்கு என்ன அவ்வளவு சந்தோஷம்?

கவலையில்லாமல் ஆனந்தமாக இருப்பவரை அமெரிக்கர்கள் 'மட்டியைப் போல் மகிழ்ச்சியாக இருக்கிறார்' என்பார்கள். முதலில் கேட்டபோது எனக்குப் பிடிபடவே இல்லை. மட்டி என்பது இரண்டு ஓடுகளுக்குள் வாழும் ஒரு சிப்பி வகை. சேற்றில் புதைந்து கிடக்கும் உயிருக்கு என்ன சந்தோஷம்? ஓட்டின் வளைவு சிரித்த வாய்போல் இருக்கிறதே, அதனால்தான் என்று சிலர் விளக்குவதுண்டு.

உண்மையில் இந்த வழக்கில் பாதி உதிர்ந்துபோய்விட்டது. ஜான் ரசல் பார்ட்லெட் 1848-இல் வெளியிட்ட அமெரிக்க வழக்குச்சொல் அகராதியில் முழுசாக இருக்கிறது: 'கடல் ஏறியிருக்கும் நேரத்து மட்டியைப் போல் மகிழ்ச்சியாக'. அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து பகுதியில், மட்டி கிடைக்கும் கரையோரங்களில் எல்லாரும் சொல்வது இது என்று அவரே குறித்திருக்கிறார்.

அந்தக் கரையில் கடல் சுமார் ஆறேகால் மணி நேரம் ஏறும், அதே அளவு நேரம் வற்றும். வற்றியதும் சேற்றுப் பரப்பில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். பக்கத்தில் கால் வைத்தால் துளையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கும். உள்ளே மட்டி தன் குழாயைச் சடாரென்று இழுத்துக்கொள்வதுதான் காரணம். பாவம், தப்பிக்கச் செய்யும் அந்த வேலையே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது! மட்டி எடுப்பவர்கள் பல் வைத்த கொத்தோடு வருவது இந்த நேரத்தில்தான். கடற்காக்கைகளும் வரும். மட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்து, பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும்.

தண்ணீர் ஏறிவிட்டால் நிலைமையே வேறு. மட்டி குழாயை மேலே நீட்டும். அதில் இரண்டு வழிகள்: ஒன்று தண்ணீரை உறிஞ்ச, மற்றது வெளியேற்ற. செவுள்களில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாமல் அசைந்து நீரோட்டத்தை உண்டாக்குகின்றன. அந்த நீரிலிருந்துதான் மூச்சுக்கு ஆக்சிஜன். அதில் மிதந்து வரும் நுண்பாசிகள் செவுளின் பசையில் ஒட்டி, மெல்ல வாய்க்குப் போய்ச் சேரும். இருந்த இடத்திலேயே சாப்பாடு! மட்டிக்குத் தலையும் இல்லை, மூளையும் இல்லை. சில நரம்புத் திரள்கள் மட்டுமே. அது மகிழ்கிறது என்று அறிவியல் சொல்லாது. ஆனாலும் இந்த வழக்கை உண்டாக்கியவர் மட்டியின் அன்றாடத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அவர் கண்ணில் படாதது ஒன்று உண்டு. ஏறும் கடலோடு நண்டுகளும் வரும். நிலா நத்தை என்ற ஒரு வேட்டைக்கார நத்தை சேற்றுக்குள்ளேயே ஊர்ந்து வந்து, மட்டியின் ஓட்டைத் துளைத்துச் சதையைத் தின்றுவிடும். தச்சர் துளையிட்டதுபோல் கச்சிதமான வட்ட ஓட்டையோடு கரையில் ஒதுங்கும் வெற்று ஓடுகள் பல அப்படி வந்தவைதான்.