பழைய சீடியை எறிய முன்னம்

"தம்பி, இது ஓடுதில்ல. ஒருக்காப் பாருங்க."

கல்லடியிலிருந்து வந்த அக்கா ஒருவர் பிளாஸ்டிக் பையிலிருந்து இரண்டு சீடிகளை எடுத்து என் மேசையில் வைத்தா. 2001இல் நடந்த கலியாணம். மணப்பெண் அவவின் தங்கச்சி. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களில் ஒருத்தி. படங்களெல்லாம் வீட்டோடு போய்விட்டன. மாமி வீட்டில் கிடந்ததால் இந்த இரண்டு சீடியும் தப்பியிருக்கின்றன. முதலில் போன கடையில் "பைல் பழுது, ஒண்டும் செய்ய ஏலா" என்று அனுப்பிவிட்டார்களாம்.

பைல் பழுதில்லை. அந்தக் காலத்து விசிடியை, அதாவது வீடியோ சீடியை, திறந்தால் உள்ளே 'எம்பெக்ஏவி' என்றொரு போல்டர் இருக்கும். அதற்குள் 'டாட்' என்று முடியும் பெரிய பைல் ஒன்று. அதை அமத்தினால் எதைக்கொண்டு திறப்பது என்று விண்டோஸ் நம்மையே கேட்கும். உள்ளே இருப்பதோ வெறும் எம்பெக்-1 வீடியோ. 1993இல் வந்த விசிடி முறைப்படி, அகலம் 352, உயரம் 288 புள்ளிகள். விஎல்சி பிளேயரைத் திறந்து அதற்குள் இழுத்துப் போட்டேன். ஓடியது.

மூன்றாவது நிமிடத்தில் தங்கச்சி கமராவைக் கண்டு வெட்கப்பட்டு, மருதோன்றிக் கையால் முகத்தை மறைக்கிறா. "நிப்பாட்டுங்க தம்பி" என்றா அக்கா. நிப்பாட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா, "திரும்பப் போடுங்க" என்றா.

இப்படி 'செத்துப்போன' பைல்கள் மாதத்தில் பல வரும். பழைய நோக்கியா போனில் எடுத்த, '.3gp' என்று முடியும் வீடியோவில் படம் ஓடும், சத்தம் வராது. கோயிலில் விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்தைச் சத்தமில்லாமல் பார்த்து என்ன பயன்? அதில் ஒலி ஏஎம்ஆர் என்ற முறையில் பதிவாகியிருக்கும். அதைப் பல பிளேயர்களுக்கு வாசிக்கத் தெரியாது, விஎல்சிக்குத் தெரியும். எம்பி4 என்று பெயரை மாற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது சட்டியின் மூடியை மாற்றுவது போல. கறி அதே கறிதான். ரியல்பிளேயர் காலத்து 'ஆர்எம்' பைல்களும் பெரும்பாலும் ஓடும். ஆனால் 'ராம்' என்று முடிவதை நோட்பேடில் திறந்து பாருங்கள்: உள்ளே ஓர் இணைய முகவரி மட்டுமே இருக்கும், பாட்டு அதில் இல்லை. டிவிடி ஓடாவிட்டால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் 8இலிருந்து டிவிடி ஓட்டும் வசதியை மைக்ரோசொப்ட் சேர்த்துத் தருவதில்லை, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பைல் ஓடவில்லை என்று இன்டர்நெட்டில் தேடும்போது "கோடெக் இல்லை, இங்கே அமத்தி இறக்குங்கள்" என்று பெட்டி தோன்றினால் அமத்தாதீர்கள். கோடெக் என்பது வீடியோவை வாசிக்க உதவும் சின்ன மென்பொருள். தங்கச்சியின் முகத்தைத் தேடப் போய் முழுக் கணினியையும் வைரஸுக்குக் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். விஎல்சி இலவசம். அதை உருவாக்கிய வீடியோலான் அமைப்பின் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

உண்மையில் செத்துக்கொண்டிருப்பது பைல் அல்ல, சீடி. நாம் கீழ்ப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். ஒளியைத் திருப்பும் மெல்லிய படலம் இருப்பது மேலே, லேபிளுக்கு அடியில்; அதற்குக் காவல் ஒரு வார்னிஷ் பூச்சு மட்டுமே. அக்காவின் இரண்டாவது சீடியில் யாரோ பேனையால் அழுத்தி 'கலியாணம் 2' என்று எழுதியிருந்தார்கள். லைட்டுக்கு நேரே பிடித்தால் அந்த எழுத்துகளின் ஓரத்தில் ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தது. நம்மூர் வெக்கையும் ஈரமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். விசிடிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. சாதாரண சீடியின் ஒவ்வொரு பகுதியிலும் 2048 பைட் தரவு, மிச்ச இடத்தில் பிழை திருத்தும் குறிப்பு. விசிடியில் அந்த இடத்தையும் எடுத்து 2324 பைட் வீடியோவை நிரப்பியிருப்பார்கள். அதனால்தான் சின்னக் கீறலுக்கே படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

ஆகவே சீடியில் வைத்தே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். முதல் வேலை கொப்பி எடுப்பது. துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே நேராக. வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் பழுதான இடத்தைத் தாண்டி மிச்சத்தை எடுத்துத் தரும். போனில் பார்க்க ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எம்பி4 ஆக்குங்கள், ஆனால் மூலப் பைலை அழிக்காதீர்கள். மாற்றும்போது கொஞ்சம் தரம் போகும், அது திரும்பி வராது.

முதல் சீடி முழுதாக வந்தது. இரண்டாவதை மூன்று டிரைவ்களில் போட்டு எடுத்தேன். பந்தி பரிமாறும் இடத்தில் நாற்பது செக்கன் வரவில்லை. ஒரு கொப்பி அக்காவிடம், ஒன்று அக்கரைப்பற்றில் மாமியிடம். மாரியில் வெள்ளம் ஏறும் ஊரில் இரண்டையும் ஒரே அலுமாரியில் வைக்க நான் விடவில்லை. 'கலியாணம் 2' இன்னும் என் லாச்சியில் இருக்கிறது, வேறொரு பழைய டிரைவ் கிடைத்தால் அந்த நாற்பது செக்கனுக்காகப் போட்டுப் பார்க்க.